விருந்தினரை எங்கே நடக்க அழைத்துச் செல்வது?



மலாக்காவில் வீடு வைத்திருப்போர் அனைவரும் ஒருவகையில் சுற்றுலா வழிகாட்டிகளே. பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், ‘உங்கள் ஊருக்கு வருகிறோம்’ என்று உறவினரும் நண்பரும் செய்தி அனுப்பத் தொடங்கிவிடுவர். 2008-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு இந்த வருகை இன்னும் கூடிவிட்டது. செங்கில் குடியிருக்கும் எங்களுக்கு நகரம் அருகில் என்பதால், விருந்தினருக்கென ஒரு வழக்கமான சுற்றை மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம். சிவப்புக் கட்டடம், செயின்ட் பால் குன்று, கோட்டை வாயில், பிறகு 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், பழமையான சீனர் ஆலயமும் அருகருகே நிற்கும் தெரு. அரை நாளில் முடிந்துவிடும்.

சென்ற விடுமுறையில் வந்த விருந்தினர்க்கு இந்தச் சுற்று போதவில்லை. வந்தவர்கள் நால்வர். ஒருவர் என் பால்ய தோழி. அலோர் காஜா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்து, எழுபதுகளில் தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று அங்கேயே தங்கிவிட்டவர். மற்ற இருவர் அவருடைய நண்பர்களான யாழ்ப்பாணத் தம்பதியர். இலண்டனில் வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் கற்பிப்பவர்கள். நான்காமவன் அவர்களுடைய பேரன், பதினொரு வயதுச் சிறுவன்.

வருவதற்கு முன்பே தோழி தொலைபேசியில் கேட்டார்: “இங்கே வீட்டுக்கு யாராவது வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயல்வழியாக நாலைந்து மைல் நடப்போம். நடை முடிகிற கிராமத்தில் ஒரு பப் இருக்கும். அங்கே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு. நம்ம ஊரில் அந்த மாதிரி ஒரு நடை இருக்கா?”

கேள்வி எளியது. ஆனால் விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

நடை என்பது நமக்கு என்ன?

இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுமக்கள் நடப்பதற்குச் சட்ட உரிமையுள்ள பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்திற்கு இருக்கின்றன. நிலம் தனியாருடையதாக இருக்கலாம், வழி பொதுவானது. வரைபடத்தில் அவற்றைக் கோடிட்டுக் காட்டியிருப்பார்கள். இந்த உரிமைகளுள் பல தாமாக வந்தவையல்ல. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பலர் உட்பட நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949-இல் ஒரு சட்டமும் 2000-இல் மற்றொரு சட்டமும் அதன்பின் வந்தன. வாரம் முழுதும் ஆலையில் உழைத்தவன் ஞாயிறன்று மூச்சுவிடப் புல்வெளியைத் தேடியிருக்கிறான்.

நம் கதை வேறு. நம் பாட்டன் பாட்டியர்க்குப் பசுமைதான் ஆலை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வாளியும் காண்டாக் கம்பும் தோளில் ஏற்றி, நிரைநிரையாக நின்ற பால்மரங்களுக்கிடையே நடந்தவர்கள் அவர்கள். அவ்வளவு அதிகாலையில் வெட்டத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். அந்த நடையை யாரும் ‘இயற்கையை இரசித்தல்’ என்று எண்ணியிருக்க மாட்டார்கள். மரங்களிலிருந்து விலகி நகரத்திற்குப் போவதே முன்னேற்றம் என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். அதற்கு நியாயமும் இருந்தது.

ஆயினும் விரும்பி நடக்கும் மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. பாதயாத்திரை இருக்கிறது. எங்கள் செங்கிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்கு மாசிமகத்தின்போது நகரத்திலிருந்து வெள்ளித்தேரில் முருகப்பெருமான் எழுந்தருளுகிறார். தேரோடு நடந்து வருவோர்க்குத் தண்ணீர்ப்பந்தல் உண்டு. முடிவில் அன்னதானமும் உண்டு. நடந்து களைத்தவனை உட்காரவைத்துச் சோறிடும் ஏற்பாடு நமக்குப் புதியதன்று. தோழியின் கேள்விக்கு விடை தேடும்போது இந்த எண்ணமே எனக்கு முதல் ஊக்கமாக அமைந்தது.

நான் எண்ணிப் பார்த்த இடங்கள்

முதலில் லேடாங் மலை. ஆங்கிலேயர் ஓஃபிர் மலை என்று அழைத்த இது 1,276 மீட்டர் உயரம். உயிரியல் அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854-இல் ஏறியது இந்த மலையில்தான். உச்சி ஜொகூர் மாநிலத்தில் இருந்தாலும், மலாக்கா பக்க அடிவாரத்தில் அசகான் நீர்வீழ்ச்சி இருக்கிறது. அந்த வட்டாரத்திற்கும் நமக்கும் நெருங்கிய தொடர்புண்டு. மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்துப் புக்கிட் அசகானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. அந்தப் பயிர்தான் பின்னர்ப் பல்லாயிரம் தமிழரைக் கடல் கடத்தியது. ஆனால் எழுபதை நெருங்கும் முழங்கால்களுக்கு மலையேற்றம் ஆகாது. பிள்ளைகள் வளர்ந்த குடும்பங்களுக்கு நல்ல இடம்.

அடுத்து தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் கடற்கரையில் போர்ட்டிக்சன் அருகே இருந்தாலும் இது மலாக்கா மாநிலத்தின் நிலம் என்பது நம் மாணவர் பலர்க்கு வியப்பளிக்கும் செய்தி. காட்டினூடே தார்ச்சாலையில் ஏறினால் 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம், கீழே கடல். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் வல்லூறு இனப் பறவைகளை இங்கே கூட்டங்கூட்டமாகக் காணலாம். நிழலும் உண்டு, காட்சியும் உண்டு. மார்ச்சில் விருந்தினர் வந்தால் நான் தயங்காமல் இதையே தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவதை நான் எண்ணவில்லை, தோழியே சொன்னார். “எனக்கு நம்ம தோட்டத்தைப் பார்க்கணும். பார்க்கப் பயமாவும் இருக்கு.”

அவர் அஞ்சியது எனக்குப் புரிந்தது. அந்தத் தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. லயங்கள் இல்லை. பள்ளி வேறிடம் போய்விட்டது. எஞ்சியிருப்பது மாரியம்மன் கோயில் மட்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்து இழந்துவிடக்கூடாதே என்னும் அச்சம் அது.

எனக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. நம் தாய்மார் உழைத்துத் தேய்ந்த இடத்தை விருந்தினர்க்கு ‘அழகிய காட்சி’ என்று காட்டுவது சரியா? இதை யாழ்ப்பாண ஆசிரியரிடமே கேட்டேன். அவர் சற்றுநேரம் எண்ணிவிட்டு இலங்கை மலையகத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே தேயிலைத் தோட்டத்துப் பழைய வழித்தடங்களை இணைத்து, கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ‘பீக்கோ’ நடைபாதை 2023-இல் திறக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து வந்து நடக்கிறார்கள். “வடிவான பாதைதான். ஆனால் பாதையோரத்து லயன்களில் இன்றைக்கும் சனம் இருக்குது. கொழுந்து பறிக்கிற பெண்ணைப் படம் எடுக்கிறவர் அவவின்ர பெயரைக் கேட்கிறாரோ என்பதுதான் கேள்வி” என்றார்.

அந்தச் சொல் எனக்கு வழிகாட்டியது. காட்சியை மட்டும் பார்த்துத் திரும்புவதாக இருந்தால் போக வேண்டாம். பெயர் சொல்ல ஒருவர் உடன் இருந்தால் போகலாம். கோயிலைப் பராமரித்து வரும் முன்னாள் தண்டல் ஒருவரைத் தொடர்புகொண்டேன். எண்பது வயதைக் கடந்தவர். தோட்ட அலுவலகத்தில் அனுமதியும் பெற்றேன். நம் நாட்டில் தோட்டத்துப் பாதை பொதுப்பாதையன்று. அனுமதி பெறாமல் நுழைவது முறையும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது.

நடந்த நடை

காலை ஏழரை மணிக்குக் கோயில் வாசலில் தொடங்கினோம். 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே நகர்த்தியதால், நமக்குக் கதிரவன் உதிப்பதே ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான். பத்து மணிக்கு வெயில் சுடத் தொடங்கிவிடும். இடைப்பட்ட இரண்டரை மணி நேரமே நடைக்கு உகந்தது. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை.

பெரியவர் தோழியை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த லயம்மா?”

“அஞ்சாவது லயம், மாமா. தண்ணிப் பைப்புக்குப் பக்கத்து வீடு.”

“அடடே, நம்ம வெளிக்காட்டு மகளா?” என்று அவர் தோழியின் தாயாரைப் பட்டப்பெயரால் குறித்தார். தூரத்து நிரையிலேயே எப்போதும் வெட்டியதால் அந்த அம்மாளுக்கு அப்பெயராம். தோழிக்கே அது தெரியாது. தாய் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு புதிய செய்தி கிடைத்தது. தோழி ஒன்றும் பேசவில்லை. பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

செம்பனைத் தோப்பு பார்ப்பதற்குப் பால்மரக் காட்டினும் இருண்டது. மரங்களை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்கோடு தெரியும். சிறுவன் அதைக் கண்டுபிடித்து மகிழ்ந்தான். பெரியவர் அவனுக்கு எலி பிடிக்கும் ஆந்தைகளுக்காகக் கம்பத்தில் வைத்த பெட்டியைக் காட்டினார். செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கும் வேலையை ஒரு காலத்தில் தோட்டத்துப் பெண்கள் கையால் செய்தார்கள் என்றும் சொன்னார். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒருவகைக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலையை வண்டுகள் செய்கின்றன. பாடப்புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கையை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். இந்தச் செய்தியோடு கற்பித்திருந்தால் எந்த மாணவரும் மறந்திருக்க மாட்டார்.

தோட்டத்தின் எல்லையில், சிறுதோட்டக்காரர் ஒருவருடைய நிலத்தில், சில ஏக்கர் பால்மரங்கள் எஞ்சியிருந்தன. தோழி ஒரு மரத்தின் அருகே சென்று வெட்டுத் தழும்பைத் தடவினார். மங்கின் ஓரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து இழுத்துச் சிறுவனிடம் கொடுத்து, “முகர்ந்து பார், இதுதான் எங்கள் வீட்டு வாசம்” என்றார். அவன் முகத்தைச் சுளித்தான். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அவன் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. பிரட்டுக்களம், காண்டா, மங்கு, ஒட்டுப்பால், தண்டல், கிராணி, வெளிக்காடு என்று கேட்ட சொற்களையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தான். இலண்டனில் அவன் படிக்கும் தமிழ், வகுப்பறைத் தமிழ். ‘இந்தச் சொல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் ‘புத்தகத்தில்’ என்பான். இங்கே சொல்லைக் கையில் பிடித்து இழுத்துப் பார்க்க முடிந்தது. மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து நம்மவர் ஆக்கிக்கொண்ட தோட்டத் தமிழ் அது. மரம் போய், லயம் போய், அந்தச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களிலேயே ‘பிரட்டு’ என்றால் கோழிப் பிரட்டலைத்தான் நினைப்பவர் மிகுதி.

கள்ளுக்கடை இருந்த இடம்

பாதை வளையும் இடத்தில் சிமெண்டுத் தரை ஒன்று புல்லுக்குள் கிடந்தது. “கள்ளுக்கடை” என்றார் பெரியவர்.

சிறுவன் ஆவலோடு கேட்டான்: “அப்போ இதுதான் உங்கட பப்பா?”

தோழி நின்றார். “ஆமாம் ராஜா, எங்கள் பப் இதுதான். ஆனால் உங்கள் பப்புக்குள் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போய்ச் சாப்பிடுவீர்கள். இங்கே சம்பள நாளில் அம்மாமார் வெளியே நின்று காத்திருப்பார்கள், மிச்சத்தை வாங்கிக்கொண்டு போக. நானும் நின்றிருக்கிறேன்.”

அவர் குரலில் கசப்பு இல்லை. சிறுவனுக்கு விளங்க வேண்டுமே என்னும் கவனம்தான் இருந்தது. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கள் நம் பண்பாட்டுக்கு அயலானதன்று. பனையும் தென்னையும் உள்ள ஊரெல்லாம் அது இருந்திருக்கிறது. ஆனால் வேறு பொழுதுபோக்கே இல்லாத இடத்தில், குறைந்த கூலிக்காரர்களின் நடுவே, உரிமம் பெற்ற கடையாக அதை நிறுத்தியபோது அது வேறொன்றாகிவிட்டது. நம்மவர் அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. 1947-இல் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையிலான தொண்டர் படை கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்தது. இங்கிலாந்துத் தொழிலாளி நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றான் என்றால், நம் தொழிலாளி வீட்டுக்குச் சம்பளம் முழுதாகப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகப் போராடினான். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அங்கிருந்து ஐந்தாவது லயம் இருந்த இடத்திற்கு நூறு அடிதான். வீடில்லை. தண்ணீர்க் குழாயின் துருப்பிடித்த அடித்தண்டு மட்டும் நின்றது. தோழி அதன் அருகில் சற்றுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு எழுந்து, “பயந்த அளவுக்கு இல்லை” என்றார். அவ்வளவே.

பகலுணவு

நடையின் முடிவில் நல்ல உணவு இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அது நல்ல விதி. பெரியவரையும் உடன் அழைத்துக்கொண்டு செங் திரும்பி, சன்னாசிமலை ஆண்டவரை வணங்கிவிட்டு, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அமர்ந்தோம். சோறு, மீன்குழம்பு, கோழிப் பிரட்டல், கீரை, மோர்மிளகாய், ரசம், பிறகு பாயாசம். இரண்டாம் முறை சோறு கேட்காதவர் யாருமில்லை. யாழ்ப்பாணத்து அம்மையார் ரசத்தைக் கைநிறைய வாங்கிக் குடித்துவிட்டு, “பப்பில் இது கிடைக்காது” என்று தீர்ப்பளித்தார். பெரியவர் இலையை மடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். தோழி தம் தாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு இடி இடித்து மழை பிடித்துக்கொண்டபோதுதான் கிளம்பினோம்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும்

இத்தகைய நடைக்கு நீங்களும் பிள்ளைகளையோ விருந்தினரையோ அழைத்துச் செல்ல விரும்பினால், நான் கைக்கொண்ட முறைகளைக் கீழே தருகிறேன்.

1. தூரத்தை, வருபவர்களில் மிகவும் தளர்ந்தவருடைய காலைக்கொண்டு அளவிடுங்கள். நான்கு கிலோமீட்டர் போதும். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியுங்கள். பிற்பகல் இடிமழை மலாக்காவில் வழக்கம்.

2. தோட்டமாயின் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். குலை வெட்டும் பகுதிக்குள் செல்லாதீர்கள். முற்றிய குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், உயரத்திலிருந்து விழும். மூடிய காலணி கட்டாயம், பாம்புகள் உண்டு.

3. கழிவறையும் குடிநீரும் எங்கே என்று முதல்நாளே பார்த்துவையுங்கள். கோயில் இதற்குப் பேருதவி. உண்டியலில் காணிக்கை இட மறவாதீர்கள்.

4. பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். படம் எடுப்பதைவிடச் சொல் சேர்ப்பது நெடுநாள் நிற்கும்.

5. நடை முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். நடக்கும்போது பார்த்தவை பேச்சாக மாறுவது இலையின் முன்னால்தான்.

6. எல்லாவற்றிலும் முதன்மையானது: அந்த இடத்தை அறிந்த ஒருவர் உடன் வரவேண்டும். அவரின்றேல் அது வெறும் செம்பனைக் காடு.

இந்த ஆறாவது முறைக்குக் காலக்கெடு இருக்கிறது. மரமும் மலையும் அடுத்த விடுமுறைக்கும் இருக்கும். கலங்கரை விளக்கம் இன்னும் நூறாண்டு நிற்கலாம். ஆனால் எந்த லயத்தில் யார் இருந்தார், யாருக்கு என்ன பட்டப்பெயர் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இன்று ஓரிருவரே எஞ்சியுள்ளனர். உங்கள் குடும்பத்திற்கும் ஒரு தோட்டம் இருந்திருக்கும். அங்கே ஒரு கோயிலாவது இருக்கும். அதன் திண்ணையில் ஒரு பெரியவர் அமர்ந்திருப்பார். வருகிற விடுமுறையில் பேரங்காடிக்குப் போகும் நாள்களில் ஒன்றை மட்டும் அவருக்காக ஒதுக்குங்கள்.